டெஞ்ச் மீனைத் தேடி ஏரிக்கரையில் ஒரு கோடை நாள்: எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். இங்கிலாந்தில் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சிறுவயதில் குளத்தில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியில் டெஞ்ச் மீன் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். கோடையில் ஒரு விடுமுறை நாளை அங்கே அவசரமின்றிக் கழிக்க வேண்டும், ஒரு மீனாவது கிடைக்கவும் வேண்டும். அதற்கு என்ன கோல், என்ன இரை, எந்த நேரம் என்று கேட்கிறீர்கள். கருவிப் பட்டியல் கேட்பதுபோல் கேள்வி அமைந்திருந்தாலும், நிதானமாக உட்கார்ந்தபடியே இந்த மீனைப் பிடிக்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. முடியும். ஆனால் டெஞ்ச் விஷயத்தில் அந்த நிதானம், விடியுமுன் எழுந்து, இடத்தைச் சரியாகத் தேர்ந்து, சத்தமின்றித் தயார்செய்தவருக்கே வாய்க்கிறது. காலை பத்து மணிக்கு வந்து மடக்கு நாற்காலியை விரிப்பவருக்குப் பெரும்பாலும் ஓய்வு மட்டுமே கிடைக்கும். பல கோடைகளாக இங்குள்ள ஏரிகளிலும், சரளை தோண்டிய பழைய குழிகளிலும் இந்த மீனைத் தேடி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆறுகளில் டெஞ்ச் பிடித்த அனுபவம் எனக்கு மிகக் குறைவு. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் தேங்கிய நீருக்கே பொருந்தும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயது நிறைந்த எவரும் தூண்டில் உரிமம் இல்லாமல் நன்னீர் மீன் பிடிக்கக் கூடாது. 13 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு உரிமம் இலவசம், அதற்கு மேற்பட்டவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு நாள், எட்டு நாள், ஓராண்டு என்று மூன்று விதமாக அரசின் இணையதளத்திலேயே வாங்கலாம். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்க முடியும். உரிமம் கையில் இருப்பதாலேயே எந்த ஏரியிலும் தூண்டில் போட்டுவிட முடியாது என்பதைப் புதியவர்கள் பலர் தவறவிடுகிறார்கள்; ஏரியின் உரிமையாளரோ அதைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் சங்கமோ அனுமதி தர வேண்டும், அதற்கு நாள் சீட்டு அல்லது உறுப்பினர் அட்டை தேவை. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடத் தடை உண்டு. பெரும்பாலான ஏரிகளுக்கு இத்தடை இன்று இல்லை என்றாலும், பாதுகாக்கப்பட்ட சில நீர்நிலைகளிலும், பழைய மரபைக் கைவிடாத சில சங்கங்களின் ஏரிகளிலும் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஜூன் 16ஆம் தேதி விடியலில் டெஞ்சுக்குத் தூண்டில் போடுவதைத் திருவிழாவாகக் கொண்டாடும் முதியவர்கள் இங்கே இருப்பதற்கும் அந்தப் பழைய தடையே காரணம். எடைக்குண்டு வாங்கும்போது ஈயம் அல்லாததையே கேட்டு வாங்குங்கள். அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கி இறந்ததனால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகள் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

இனி மீனுக்கு வருவோம். டெஞ்ச் கெண்டைக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுடையது. கரும்பச்சையும் பழுப்புப் பொன்னும் கலந்த உடல், மிகச் சிறிய செதில்கள், சிவந்த சிறு கண், வாயின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு குட்டி மீசை, வட்டமான துடுப்புகள், தடித்த வால் அடி. ஒருமுறை பார்த்தவர் வேறு மீனோடு இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆண்மீனின் வயிற்றுத் துடுப்புகள் பெரியதாகவும் கரண்டிபோல் அகன்றும் இருக்கும். பெண்மீனுக்கு அவை சிறியவை. உடல் முழுவதும் தடித்த வழுவழுப்பான படலம் உண்டு; நோயுற்ற மற்ற மீன்கள் இதன்மேல் உரசிக் குணமடையும் என்றும், அதனால்தான் பைக் என்னும் கொன்றுண்ணி மீன்கூட இதைத் தொடாது என்றும் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஒரு நம்பிக்கை உண்டு. இதை யாராவது கரையில் உங்களிடம் நிச்சயம் சொல்வார். ஆனால் மற்ற மீன்கள் அப்படிக் குணமடைவதற்கு ஆதாரம் இல்லை. பைக் டெஞ்சைத் தின்னத்தான் செய்கிறது. அந்தப் படலம் டெஞ்சின் சொந்தத் தோலைக் கிருமிகளிடமிருந்து காக்கிறது என்பது உண்மை, மீனைக் கையாளும்போது நமக்கு வேண்டியதும் அந்த ஒரு செய்திதான்.

இந்த மீன் தரையோடு வாழ்வது. சேற்றுக்குள் வாயை நுழைத்து, செந்நிறக் கொசுப்புழுக்கள், நத்தைகள், சிறு சிப்பிகள், நீர்ப்பேன் போன்ற உயிர்களைச் சலித்து உண்ணும். வெப்பத்தை விரும்பும் மீன் என்பதால் நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். வசந்தத்தில் நீர் சூடேற ஏற உண்ணத் தொடங்கி, 20 பாகையை நெருங்கும்போது முட்டையிடும். இங்குள்ள ஏரிகளில் அது பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் நிகழ்கிறது. எனவே உங்கள் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதிவரை எப்போதாவது, இரவு குளிராமல் இருந்த ஒரு நாளின் மறு விடியலைத் தேர்ந்தெடுங்கள். மேகமூட்டமும் இளங்காற்றும் இருந்தால் நல்லது. காற்றழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தே வீட்டைவிட்டுக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். டெஞ்ச் விஷயத்தில் அதை நம்பிப் பயனடைந்தவர்களும் ஏமாந்தவர்களும் சம அளவில் இருப்பதாகவே நான் கண்டிருக்கிறேன், ஆகையால் அதற்காக நாளை மாற்ற வேண்டாம்.

நேரத்தைப் பற்றி எனக்கு ஐயம் இல்லை. ஜூன் மாதத்தில் தென் இங்கிலாந்தில் 4.45 மணியளவில் சூரியன் உதிக்கும், அதற்கு அரை மணி முன்பே தக்கை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். அந்த வேளையிலிருந்து ஒன்பது மணிவரை உள்ள காலம்தான் டெஞ்சுக்கு உரியது. மாலையில் வெயில் தணிந்தபின் இருட்டும்வரை இன்னொரு சிறு வாய்ப்பு உண்டு. நாள் சீட்டு ஏரிகளில் சில ஆறு அல்லது ஏழு மணிக்கே வாயிலைத் திறக்கும், பலவற்றில் இரவில் தங்க அனுமதி இல்லை. எனவே முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். விடியலில் நுழைய விடும் ஏரி சற்றுத் தொலைவில் இருந்தாலும் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முடிந்தால் முதல் நாள் மாலையே ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மீன் பிடிக்கும் நாளைவிட இந்த நடையில்தான் முடிவு தீர்மானமாகிறது என்று நான் நினைக்கிறேன். அல்லி இலைகளின் ஓரம், நாணல் வரிசையின் முன்புறம், நீர்ப்பாசிக்கு நடுவே தெளிவாகத் தெரியும் வெற்றுத்தரை, கரையிலிருந்து தரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்பு ஆகியவை டெஞ்ச் உலவும் வழிகள். பல ஏரிகளில் அந்த விளிம்பு கரையிலிருந்து மூன்று நான்கு கோல் நீளத்துக்குள்ளேயே இருக்கும். நடு ஏரிக்கு வீசினால்தான் பெரிய மீன் கிடைக்கும் என்ற எண்ணத்தில் பலர் மீனின் தலைக்குமேல் வீசிக்கொண்டிருக்கிறார்கள். நீரின் மேற்பரப்பைக் கவனியுங்கள். டெஞ்ச் சேற்றைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வாயு அதன் செவுள்கள் வழியே சலிக்கப்பட்டு, ஊசித்தலை அளவுக் குமிழிகள் கொத்துக் கொத்தாகச் சிலுசிலுத்து மேலே வரும். சற்று நேரத்தில் அக்கொத்து ஓர் அடி நகர்ந்து தெரியும். ஒரே இடத்தில் பெரிய குமிழிகள் விட்டுவிட்டு வந்தால் அது சேற்றிலிருந்து தானாக எழும் வாயு. கெண்டை எழுப்பும் குமிழிகள் பொதுவாகப் பெரியவை என்பார்கள். ஆனால் சிறு கெண்டைகளும் டெஞ்சும் சேர்ந்து வாழும் ஏரியில் குமிழியை மட்டும் பார்த்து இன்ன மீன் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இடம் முடிவானபின் செய்யவேண்டியது பழைய முறை ஒன்று. இன்று பலர் சோம்பலால் அதைக் கைவிட்டுவிட்டார்கள். தோட்டத்து வாரி இரண்டின் தலைகளை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, அதற்கு ஒரு கயிறு பிணைத்து, தூண்டில் போடப்போகும் இடத்தில் வீசி இழுப்பார்கள். பாசி அகன்று தரை வெறுமையாவது ஒரு பயன். கிளறிய சேற்றிலிருந்து புழுக்கள் வெளிப்படுவதும், அந்தக் கலங்கல் மீனை ஈர்ப்பதும் அதைவிடப் பெரிய பயன். மற்ற மீன்கள் இந்தச் சத்தத்துக்கு ஓடிவிடும், டெஞ்ச் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து முகர்ந்து பார்க்கும். சங்கத்தின் விதிகள் அனுமதித்தால் மட்டுமே இப்படி வாரியை இழுங்கள், பறவைகள் கூடுகட்டியிருக்கும் நாணலைத் தொடாதீர்கள். வாரியபின் ரொட்டித்தூளை நீர்விட்டுப் பிசைந்து, அதில் ஒரு கைப்பிடி மக்காச்சோளமணிகளும் நறுக்கிய மண்புழுவும் கலந்து, ஆரஞ்சுப்பழ அளவில் நான்கைந்து உருண்டைகள் போட்டால் தொடக்கத்துக்குப் போதும். பிறகு ஒவ்வொரு மீன் கிடைத்தபின்னும், அல்லது அரை மணிக்கு ஒருமுறை, ஒரு சிறு உருண்டை. தொடக்கத்திலேயே ஒரு வாளி இரையைக் கொட்டுவது குளிர்ந்த நாளில் அன்றைய வாய்ப்பையே கெடுத்துவிடும். போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கருவி விஷயத்தில் விலையுயர்ந்தது எதுவும் வேண்டாம். 12 அல்லது 13 அடி நீளமுள்ள, நுனி வளைந்து கொடுக்கும், ஆனால் அடிப்பகுதியில் வலுவுள்ள தக்கைக் கோல் ஒன்று, சாதாரண ரீல், ஐந்து அல்லது ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு, பாசி அடர்ந்த இடமானால் எட்டு பவுண்டு. முள் 10 முதல் 14 வரையிலான எண்களில், தடித்த கம்பியில் செய்த, எதிர்முள் இல்லாத வகையாக இருக்கட்டும். பல ஏரிகளில் எதிர்முள் உள்ளதை அனுமதிப்பதே இல்லை. தக்கையை அடிமுனையில் மட்டும் நரம்போடு பொருத்தி, முள்ளிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலே தக்கையையே அமிழ்த்தக்கூடிய ஒற்றை எடைக்குண்டை வைக்கும் முறைதான் டெஞ்சுக்கு என் விருப்பம். நீரின் ஆழத்தை முதலில் அளந்து, தக்கையை அதைவிட ஒரு சாண் கூடுதலான ஆழத்துக்கு வைத்து, வீசியபின் நரம்பை மெல்ல இறுக்கினால் தக்கை நிமிர்ந்து நுனி மட்டும் வெளியே தெரியும். டெஞ்ச் தலைகீழாக நின்று தரையிலுள்ள இரையை எடுத்து, பிறகு உடலை நிமிர்த்தும். அப்போது முள்ளோடு சேர்ந்து குண்டும் தரையைவிட்டு எழ, பாரம் நீங்கிய தக்கை நீருக்குமேல் உயர்ந்து சாய்ந்து படுத்துவிடும். ஊர்க் குளத்தில் தக்கை அமிழ்வதையே பார்த்துப் பழகிய நமக்கு, தக்கை எழுந்து படுப்பதுதான் மீன் எடுத்ததற்கு அடையாளம் என்பது முதலில் விநோதமாக இருக்கும். மீன் தொலைவில்தான் குமிழி விடுகிறது என்றால், பிசைந்த இரையைச் சுமந்து செல்லும் கூடை எடையைத் தரையில் போட்டு, மீன் இழுப்பதை அறிவிக்கும் மணி ஒலிக்கும்வரை காத்திருக்கும் முறையே பொருத்தம். பெரிய சரளைக் குழிகளில் பெரிய டெஞ்சுகள் பல அப்படித்தான் பிடிபடுகின்றன. எனினும் நீங்கள் விரும்பும் நிதானமான நாளுக்குத் தக்கையே துணை.

முள்ளில் மாட்டும் இரைக்கு இரண்டு மக்காச்சோளமணிகள் போதும் என்பதே என் பதில். டப்பாவில் வருவதால் எளிது, மஞ்சள் நிறம் கலங்கலிலும் தெரியும், ரோச், பெர்ச் போன்ற பொடிமீன்கள் புழுவைத் தொல்லைப்படுத்தும் அளவுக்கு இதைத் தொல்லைப்படுத்துவதில்லை. அது எடுபடாத நாளில் மண்புழு. அதுவும் இல்லாவிட்டால் வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து முள்ளின் காம்பில் அழுத்தியது. ஈப்புழு மிக நல்ல இரை, ஆனால் பொடிமீன் நிறைந்த ஏரியில் டெஞ்ச் வருமுன் அது தீர்ந்துவிடும். ஒரே இரையில் பலமுறை பிடிபட்ட மீன்கள் அதைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றன என்று பலர் சொல்கிறார்கள். கெண்டை இனங்களில் அப்படிப்பட்ட கற்றல் உண்டு என்பதால் அது நம்பத்தக்கதே, ஆனால் உங்கள் ஏரியில் அதுதான் நடக்கிறதா, அன்று மீன் அந்தப் பக்கம் வரவே இல்லையா என்பதைக் கரையில் அமர்ந்தபடி பிரித்தறிவது கடினம்.

பொறுமையைச் சோதிப்பது டெஞ்ச் இரையைத் தொடும் விதம். தக்கை நடுங்கும், அரை அங்குலம் பக்கவாட்டில் நகரும், நின்றுவிடும், மறுபடி நடுங்கும். இவற்றில் பாதி, மீனின் உடலோ துடுப்போ நரம்பில் உரசுவதால் வருபவை. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் கோலைச் சுண்டினால் மீனைக் கலைத்ததுதான் மிச்சம். தக்கை எழுந்து படுத்தாலோ, ஒரே சீராக ஒரு பக்கம் வழுக்கி மறைந்தாலோ மட்டும் சுண்டுங்கள். சிலர் முதல் நடுக்கத்திலேயே சுண்டி வெற்றி பெறுவதாகச் சொல்வதை நான் மறுக்கவில்லை. சிறு முள்ளில் ஒற்றைப் புழுவை மாட்டும்போது அது சரியாக வரலாம். இரையைப் பொறுத்து மாறும் விஷயம் இது.

ஒன்பது பத்து மணிக்குமேல் வெயில் ஏறினால் குமிழிகள் நின்றுவிடும். அப்போது தூண்டிலை எடுத்து வைத்துவிட்டு உண்ணுங்கள், உறங்குங்கள், ஏரியைச் சுற்றி வாருங்கள். நீங்கள் கேட்ட ஓய்வான நாளின் உண்மையான ஓய்வு இந்த இடைவேளைதான். தூண்டிலைப் போட்டுவிட்டு உறங்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கவனிக்கப்படாத கோலில் மாட்டிய மீன் பாசிக்குள் புகுந்து நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளோடு போய்விடும், ஆளில்லாத கோல் விதிமீறலும் ஆகும். மாலை ஆறு மணிக்குமேல் அதே இடத்தில் இரண்டு உருண்டைகள் போட்டு மறுபடி தொடங்கலாம்.

மாட்டிய டெஞ்ச் வேகமாக ஓடாது. தரையை விட்டு எழாமல், பிடிவாதமாக, கனமாக இழுக்கும், அருகில் எந்த அல்லித்தண்டு இருக்கிறதோ அதை நோக்கியே போகும். ரீலின் பிடியை நரம்பு அறுவதற்குச் சற்று முன்பே நழுவும்படி வைத்து, கோலைப் பக்கவாட்டில் சாய்த்து அதைத் திருப்புங்கள். பாசிக்குள் புகுந்துவிட்டால் வலுவாக இழுக்காமல் நரம்பைத் தளர்த்திச் சில நிமிடங்கள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தானே வெளியே வரும். கரைக்கு வந்ததும் முடிச்சில்லாத மென்வலையில் ஏந்தி, நனைத்த மெத்தையில் கிடத்தி, நனைத்த கைகளால் மட்டும் தொடுங்கள். உலர்ந்த கையும் துணியும் அந்தப் படலத்தை உரித்துவிடும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன் என்பதால் வெளியே நீண்ட நேரம் வைக்கலாம் என்று சிலர் நினைப்பது தவறு. ஒரு படம் எடுத்ததும் நீரில் பிடித்து நிறுத்தி, தானாக நீந்தும்போது விடுங்கள். ஆழமற்ற பாசியில் மீன்கள் கூட்டமாகத் துள்ளி முட்டையிடுவதைக் கண்டால் அன்று அந்தப் பகுதியில் தூண்டில் போடாதிருப்பதே முறை. வீட்டுக்கு எடுத்துச் சென்று சமைக்கலாமா என்ற ஆசை உங்களுக்கு எழக்கூடும். ஜெர்மனியிலும் போலந்திலும் டெஞ்சை வளர்த்து விரும்பி உண்கிறார்கள். ஆனால் இங்கே ஏரி மீன் உரிமையாளருடையது, அவர் அனுமதியின்றி எடுத்துச் செல்வது திருட்டாகக் கருதப்படும், சேற்று நீரில் பிடித்த மீனுக்குச் சேற்று வாடையும் இருக்கும்.

எவ்வளவு பெரிய மீனை எதிர்பார்க்கலாம் என்றால், சாதாரண உள்ளூர் ஏரியில் இரண்டு முதல் நான்கு பவுண்டு. ஐந்து பவுண்டு வந்தால் மகிழ்ச்சியோடு பிறரிடம் சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டனின் தேசியச் சாதனை, ஷெப்பர்டன் அருகே ஓர் ஏரியில் 2001இல் பிடிபட்ட, 15 பவுண்டைத் தாண்டிய மீன். அதாவது ஏறக்குறைய 6.9 கிலோ. அரை நூற்றாண்டுக்கு முன் ஐந்து பவுண்டு டெஞ்ச் என்பதே அரிது, இன்று இரட்டிப்பு எடையுள்ளவை சரளைக் குழிகளில் கிடைக்கின்றன என்பது மறுக்க முடியாத மாற்றம். கெண்டைக்காகக் கொட்டப்படும் சத்துமிக்க இரைகளை டெஞ்சும் உண்பது, வயல் உரங்களால் நீர் வளம் பெற்றது, கோடைகள் நீண்டது என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றுக்கும் பங்கிருக்கலாம், எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் கருத்து வேறுபாடு. வசந்தத்தின் இறுதியில் பெண்மீனின் எடையில் முட்டையின் எடையும் கணிசமாகச் சேர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் வலையையும் மெத்தையையும் கழுவி, வெயிலில் முற்றிலும் உலர்த்தி வையுங்கள். ஈரமாகவே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோனால் அந்நியத் தாவரங்களும் மீன் நோய்களும் அதனோடு போகும். ஏரி நீரில் எலிச் சிறுநீரால் பரவும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், உண்ணுமுன் கைகழுவுங்கள். ஜூனில் உங்களுக்கு நாள் அமையவில்லை என்றாலும் கவலையில்லை. முட்டையிட்டு ஓய்ந்தபின் ஆகஸ்டிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் டெஞ்ச் மறுபடி நன்றாக உண்ணும், அப்போது விடியலும் இவ்வளவு முன்னதாக வருவதில்லை. அக்டோபர் பிறந்து இரவுகள் குளிர்ந்தபின் அதே ஏரிக்குப் போவதாயிருந்தால், டெஞ்சை விட்டுவிட்டு ரோச், பெர்ச், பைக் ஆகியவற்றை நாடுங்கள்.